லேசர் செய்யலாமா, கண்ணாடியே போதுமா?



கொஞ்சம் நீளமான பதிவு. கண்ணாடி போடும் பிள்ளைகள் உள்ள பெற்றோர் நேரம் எடுத்து வாசியுங்கள்.

இந்த வருடம் மட்டும் ஐந்தாறு பேர் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டார்கள். "சேர், நீங்க சயன்ஸ் படிச்சுக் குடுக்கிற ஆள்தானே, இந்த லேசர் ஒபரேஷன் செஞ்சா நல்லதா? கண்ணுக்கு ஒண்டும் ஆகாதா?" கேட்டவர்களில் நான்கு பேர் பெண் பிள்ளைகளின் வாப்பாமார், உம்மாமார். அந்தப் பிள்ளைகள் யாரும் கண்ணாடி வேண்டாம் என்று சொன்னதாகத் தெரியவில்லை. மாப்பிள்ளை பேசும் இடத்தில்தான் கண்ணாடி ஒரு கதையாகிறது. இதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

முதலில் லேசர் என்ன செய்கிறது என்று பார்ப்போம். ஓஎல் விஞ்ஞானத்தில் படித்ததுதான். குறும்பார்வை உள்ளவரின் கண்கோளம் வழமையை விடக் கொஞ்சம் நீளம். அதனால் ஒளி விழித்திரைக்கு முன்னாலேயே குவிந்து விடுகிறது. குழிவு வில்லை போட்டால் பின்னால் தள்ளிக் குவிக்கலாம். லேசரில் கண்ணாடிக்குப் பதிலாக, கண்ணின் முன்பக்கத்தில் உள்ள விழிவெண்படலத்தையே கொஞ்சம் செதுக்கித் தட்டையாக்குகிறார்கள். அவ்வளவுதான். கண்கோளத்தின் நீளம் குறைவதில்லை. இதை மறந்துவிடாதீர்கள், கீழே தேவைப்படும்.

இதற்குப் பயன்படும் எக்ஸைமர் லேசர், சூடாக்கிச் சுடாமல் திசுவை மிக மெல்லிசாகச் சீவி எடுக்கும் என்பதை 1981இல் கண்டுபிடித்தவர்களில் ஒருவர் சென்னைப் பல்கலைக்கழகத்தில் படித்த ரங்கசாமி ஸ்ரீனிவாசன். ஐபிஎம் கம்பனியில் வேலை செய்தவர். விருந்தில் மிஞ்சிய வான்கோழி எலும்பிலும் இறைச்சியிலும்தான் முதலில் பரீட்சித்துப் பார்த்தார்களாம்! பிள்ளைகளுக்கு வகுப்பில் சொன்னால் தூங்கமாட்டார்கள்.

இப்போது மூன்று முறைகள் புழக்கத்தில் இருக்கின்றன. லேசிக்கில் மேல் படலத்தை ஒரு மூடி மாதிரி வெட்டித் திறந்து, உள்ளே செதுக்கி, மூடியை மறுபடி வைப்பார்கள். அடுத்த நாளே பார்வை தெளிந்துவிடும், அதனால்தான் பேர்போனது. பிஆர்கேயில் மூடி இல்லை. மேலுள்ள மெல்லிய தோலை அகற்றிவிட்டுச் செதுக்குவார்கள். சில நாள் நல்ல வலி இருக்கும், பார்வை சரியாக நிலைக்க வாரங்கள் போகும். மூன்றாவது ஸ்மைல், சிறு கீறல் வழியாக உள்ளிருந்து ஒரு மெல்லிய துண்டை எடுப்பது. லேசிக்கில் வெட்டிய மூடி பழைய பலத்துக்கு ஒருபோதும் திரும்புவதில்லை. வருடங்கள் கழித்தும் கண்ணில் பலமாக அடிபட்டால் அது நகரலாம். கடலுக்குப் போகிறவர்கள், கிரிக்கட், புட்போல் என்று திரிகிற பொடியன்மார் இதைக் கட்டாயம் டொக்டரிடம் சொல்ல வேண்டும்.

சரி, ஆபத்து எவ்வளவு? நம்ம ஆட்கள் இரண்டு வகை. ஒரு பக்கம் "லேசர் செஞ்சா குருடாகிப் போகும்" என்பவர்கள். மறுபக்கம் "பத்து நிமிஷ வேலை, ஒண்டும் இல்ல" என்பவர்கள். இரண்டும் தவறு. பார்வையே போய்விடுவது மிக அரிது. ஆனால் "ஒண்டும் இல்ல" என்பதும் உண்மையில்லை. அமெரிக்காவில் மருந்துகளுக்கும் கருவிகளுக்கும் அனுமதி கொடுக்கும் எப்டிஏ நிறுவனம் லேசிக் செய்தவர்களிடம் நடத்திய ஆய்வு 2017இல் வெளிவந்தது. 262 கடற்படைக்காரர்களும் 312 பொதுமக்களும் அதில் இருந்தார்கள். 95 சதவீதத்துக்கும் மேலானோர் தங்கள் பார்வையில் திருப்தி என்றார்கள். அதே ஆய்வில், முன்பு எந்தத் தொந்தரவும் இல்லாமல் இருந்தவர்களில் நூற்றுக்கு நாற்பதுக்கு மேற்பட்டோர், மூன்று மாதத்தில் புதிதாக ஏதோ ஒன்றைக் கண்டார்கள்: விளக்கைச் சுற்றி வளையம், கூச்சம், இரட்டையாகத் தெரிவது. கண் உலர்வு இல்லாமல் இருந்தவர்களில் 28 சதவீதம் வரை அது புதிதாக வந்தது. இதனால் அன்றாட வேலையே செய்யமுடியாமல் கஷ்டப்பட்டவர்கள் நூற்றுக்கு ஒருவரை விடக் குறைவு. இன்னொரு விஷயமும் வெளிவந்தது. வினாத்தாளில் இந்தத் தொந்தரவுகளை எழுதியவர்கள் பலர் டொக்டரிடம் வாய் திறந்து சொல்லவில்லை. ஆகவே "நாங்க செஞ்ச ஆட்கள் ஒருத்தரும் கொம்ப்ளெயின் பண்ணல்ல" என்று எந்த இடத்தில் சொன்னாலும் கொஞ்சம் யோசித்துக் கேளுங்கள்.

கண் உலர்வை நம்ம பக்கத்து ஆட்கள் சாதாரணமாக எடுக்கக்கூடாது. கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் ஒன்றும் செய்யாத கண்ணே எரிகிறது. என்னோடு படிப்பிக்கும் ஒருவர் லேசிக் செய்து ஒன்பது வருடம். பார்வை பளிச்சென்று இருக்கிறது, திரும்பவும் செய்வேன் என்கிறார். ஆனால் ஜூன், ஜூலை வந்தால் மேசையில் சோக்குப் பெட்டிக்குப் பக்கத்தில் கண் சொட்டு மருந்தும் இருக்கும். அவருக்கு அது பெரிய விலை இல்லை. இரவில் லொறி ஓட்டுகிறவருக்கு விளக்கு வளையம் பெரிய விலை. தொழிலைப் பார்த்துத்தான் கணக்குப் போட வேண்டும்.

கணக்கு என்றதும் இன்னொன்று. விழிவெண்படலத்தின் நடுப்பகுதி பொதுவாக 540 மைக்ரோமீற்றர் அளவு தடிப்பம், அதாவது அரை மில்லிமீற்றர் சொச்சம். லேசிக் மூடிக்கு ஏறக்குறைய 110 போகும். ஒவ்வொரு பவருக்கும் சுமார் 14 செதுக்க வேண்டும். மைனஸ் 3 உள்ளவருக்கு 42 செதுக்கினால் அடியில் 388 மிஞ்சும், பிரச்சினையில்லை. மைனஸ் 8 உள்ள, படலமும் 480 மட்டுமே உள்ள ஒருவருக்கு 112 செதுக்கினால் 258தான் மிஞ்சும். 250க்குக் கீழே போகவே கூடாது என்பது நெடுங்காலக் கணக்கு. இன்று கவனமான டொக்டர்மார் 300ஐ ஒட்டி எதிர்பார்க்கிறார்கள். மெலிந்த படலம் உள் அழுத்தம் தாங்காமல் முன்னால் பிதுங்க ஆரம்பித்தால் கண்ணாடியாலும் திருத்த முடியாத பார்வையாகிவிடும். சிலருக்கு இயற்கையிலேயே இந்தப் பிதுங்கும் நோய் இருக்கும், கெரட்டோகோனஸ் என்பார்கள். பதின்ம வயதில் தொடங்குவது, அலர்ஜியால் கண்ணைக் கசக்கிக்கொண்டே இருக்கும் பிள்ளைகளிடம் அதிகம் காணப்படுவது. அவர்களுக்கு லேசர் கூடவே கூடாது. இதைக் கண்டுபிடிப்பது படலத்தின் வரைபடம் எடுக்கும் டெஸ்ட். அந்த வரைபடத்தை உங்கள் கையில் தந்து விளக்காத இடத்தில் அட்வான்ஸ் கட்டாதீர்கள். விலை குறைந்த பெக்கேஜ் என்றால் இன்னும் கூடுதலாக விசாரியுங்கள். டெஸ்ட் எடுத்துவிட்டு "உங்களுக்குச் சரிவராது" என்று திருப்பி அனுப்புகிற டொக்டரைத்தான் நான் நம்புவேன்.

இனிக் கலியாண விஷயத்துக்கு வருகிறேன்.

என்னிடம் படித்த ஒரு பிள்ளை, வயது 19. போன வருடம் பவர் 3.75, இந்த வருடம் 4.5. வீட்டில் ஒரு சம்பந்தம் பேசுகிறார்கள், மாப்பிள்ளையின் மாமிக்குக் கண்ணாடி பிடிக்கவில்லையாம். உம்மாவின் காப்பை அடகு வைத்து லேசர் செய்ய யோசிக்கிறார்கள். நான் நேரடியாகவே வேண்டாம் என்று சொன்னேன். காரணம் மார்க்கமோ பிடிவாதமோ இல்லை. ஒரு வருடத்தில் அரைக்கு மேல் பவர் மாறுகிற கண் இன்னும் நிலைக்கவில்லை. இன்று செதுக்கினால் இரண்டு வருடத்தில் மறுபடி கண்ணாடி வரும். 18 வயதுக்குக் கீழ் செய்யவே கூடாது, 21 தாண்டிச் செய்வது இன்னும் நல்லது. கர்ப்பத்திலும் பால் கொடுக்கும் காலத்திலும் ஹோர்மோன் மாற்றத்தால் பவர் ஆடும், அப்போதும் செய்யமாட்டார்கள். கலியாணத்துக்கு ஒரு மாதம் முன்பு லேசர், பிறகு மணப்பெண் மேக்கப், அடுத்த வருடம் பிள்ளை என்று திட்டம் போடுகிறவர்கள், கண்ணுக்கு மிகவும் பொருத்தமில்லாத நேரத்தைத்தான் தெரிவு செய்கிறார்கள்.

அத்தோடு, கண்கோளத்தின் நீளம் குறைவதில்லை என்று மேலே சொன்னேன் அல்லவா? மைனஸ் 6, 7 உள்ளவரின் விழித்திரை இழுபட்டு மெலிந்திருக்கும், கிழியும் ஆபத்து மற்றவர்களை விட அதிகம். லேசர் செய்தபின் கண்ணாடி போய்விடும், அந்த ஆபத்து போகாது. திடீரென்று மின்னல் மாதிரி வெளிச்சம், கரும்புள்ளிகள், திரை விழுகிற மாதிரித் தெரிந்தால் அன்றே ஓட வேண்டும். பிறக்கும் பிள்ளைக்குக் குறும்பார்வை வருவதையும் லேசர் தடுக்காது. ஆக, சம்பந்திமார் பயப்படும் ஒன்றைக்கூட அது மாற்றுவதில்லை. முகத்திலிருந்து பிறேமை மட்டும் எடுத்துவிடுகிறது. அதற்காக ஒரு பிள்ளையின் நல்ல கண்ணில் கத்தி வைக்கச் சொல்கிற வீட்டில், நாளைக்கு வேறு எதை மாற்றச் சொல்வார்கள் என்று பெற்றோர் யோசிக்க வேண்டாமா? வகுப்பில் முன் வாங்கில் இருந்துகொண்டும் கண்ணாடியைப் பைக்குள் ஒளித்துவைக்கும் பெண் பிள்ளைகளை ஒவ்வொரு வருடமும் பார்க்கிறேன். பலகையைப் பார்த்து எழுதாமல் பக்கத்துப் பிள்ளையின் கொப்பியைப் பார்த்து எழுதுகிறார்கள். இந்தப் பேச்சை அவர்கள் வீட்டிலேதான் கேட்டிருக்கிறார்கள்.

இதனால் நான் லேசருக்கு எதிரானவன் என்று எடுக்காதீர்கள். வயது 25, 30, பவர் இரண்டு வருடமாக அசையவில்லை, படலம் தடிப்பம், கண் உலர்வு இல்லை, கட்டுப்பாடில்லாத சீனி வருத்தமோ லூபஸ், வாத நோய் போன்றவையோ இல்லை, தன் விருப்பத்தில், கடன்படாமல் செய்கிறார் என்றால் தாராளமாகச் செய்யலாம். வெல்டிங், சமையல் என்று கண்ணாடி வியர்த்துக் கஷ்டப்படுகிறவர்களுக்கு அது பெரிய நிம்மதி. நாற்பதைத் தாண்டியவர்கள் மட்டும் ஒரு தடவை யோசியுங்கள். வெள்ளெழுத்தை இது தீர்க்காது. மைனஸ் 2 உள்ளவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் குர்ஆன் ஓதுவார், வினாத்தாள் திருத்துவார். லேசர் செய்தால் தூரம் தெரியும், வாசிக்கப் புதுக் கண்ணாடி வாங்க வேண்டிவரும்.

செய்கிறவர்களுக்குச் சில நடைமுறை விஷயங்கள். மென்மையான கொன்டெக்ட் லென்ஸ் போடுகிறவர்கள் டெஸ்டுக்கு முன் இரண்டு வாரமாவது நிறுத்த வேண்டும், கடினமான லென்ஸ் என்றால் இன்னும் கூட. இல்லாவிட்டால் அளவு பிழைக்கும். ஒபரேஷனுக்குப் பிறகு சில நாட்கள் கண்ணில் தண்ணீர் படக்கூடாது, கசக்கக்கூடாது. ஆகவே வுழூவில் முகம் கழுவுவதை எப்படிச் செய்வது என்று முதலிலேயே உங்கள் மௌலவியிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். நோயாளிக்கு மார்க்கத்தில் சலுகை இருக்கிறது, அதை எடுப்பதில் வெட்கம் வேண்டாம். சொட்டு மருந்து அடிக்கடி விடவேண்டியிருக்கும் என்பதால் நோன்பு மாதத்தைத் தவிர்த்துக்கொள்வது லேசு.

கடைசியாக ஒன்று. ஒபரேஷனுக்கு முன் எடுத்த கண் அளவுகள், படல வரைபடம், எவ்வளவு செதுக்கினார்கள் என்ற விபரம் எல்லாவற்றையும் கேட்டு வாங்கி, பிறப்பத்தாட்சிப் பத்திரம் இருக்கும் கோப்பிலேயே வையுங்கள். அறுபது வயதில் கண்புரை வந்து செயற்கை வில்லை வைக்கும்போது, லேசர் செய்த கண்ணுக்கு வில்லையின் பவரைக் கணிப்பது கஷ்டம். அந்த டொக்டர் முதலில் கேட்பது இந்தத் தாள்களைத்தான். இந்தியாவுக்குப் போய்ச் செய்தவர்கள் இப்போதே ஈமெயில் அனுப்பி எடுத்துக்கொள்ளுங்கள்.