மகுடம் மாற்றிய மனிதர்

சிறைத்தீவு என்பது அந்தமான் மாணவர்க்குப் புதிய செய்தி அன்று. 1906ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பட்ட செல்லுலார் சிறையின் ஏழு கிளைகளுள் எஞ்சிய மூன்றை அவர்கள் நேரில் கண்டிருப்பர். தென்னாப்பிரிக்காவின் ராபன் தீவிலும் அத்தகைய சிறை ஒன்று இருந்தது. 1970களில் அங்கு அடைபட்டிருந்தவர் இந்திய வம்சாவளியினரான சன்னி வெங்கடரத்தினம். அவர் ஷேக்ஸ்பியரின் நாடகங்கள் முழுவதும் அடங்கிய நூல் ஒன்றைத் தீபாவளி வாழ்த்து அட்டைகளால் மூடி, சமய நூல் எனக் காவலர் நம்புமாறு வைத்திருந்தார். நூல் கைமாறிச் சென்றது. உடனிருந்த கைதிகள் தமக்குப் பிடித்த பகுதிகளின் அருகே கையொப்பமிட்டனர். நெல்சன் மண்டேலா 1977 டிசம்பர் 16 அன்று கையொப்பமிட்டது, 'ஜூலியஸ் சீசர்' என்னும் துன்பியல் நாடகத்தில் சீசர் சாவுக்கு அஞ்சாமையைப் பற்றிப் பேசும் இடத்தில்.

அவ்விடத்தை அடுத்து வருவதையும் படித்தல் வேண்டும். சீசரின் சிலை குருதி சொரியக் கனவு கண்ட மனைவி கல்பூர்ணியா, அன்று அவைக்குச் செல்ல வேண்டா எனத் தடுக்கிறாள். சீசரும் இசைகிறான். அந்நேரம் வந்த டீசியஸ், அவையோர் இன்றே மகுடம் அளிக்க முடிவு செய்துள்ளனர் என்கிறான். சீசர் உடனே மேலாடையைக் கொண்டுவரச் சொல்கிறான். அத்தனை பெரிய வீரனைச் சாவிடம் அழைத்துச் செல்ல, மகுடம் என்ற சொல் ஒன்றே போதுமானதாயிற்று.

சீசரைக் கொல்லத் துணிந்த புரூட்டஸ் நல்லவன், அதில் ஐயமில்லை. ஆயினும் அவன் தனித்திருந்து எண்ணும் காட்சி திடுக்கிடச் செய்வது. சீசரிடம் இதுவரை பெருங்குறை எதையும் கண்டதில்லை என அவனே ஒப்புக்கொள்கிறான். மகுடம் சீசரின் இயல்பை மாற்றிவிடக்கூடும். ஆகவே பாம்பை முட்டையிலேயே அழித்துவிட வேண்டும் என்பது அவன் முடிவு. செய்யாத குற்றத்திற்குத் தண்டனை! பதவி மனிதரை மாற்றும் என்று அவன் அஞ்சியது தவறன்று. மாறப்போகிறவர் யார் என்பதில்தான் தவறினான். பின்னர்ப் போர்ப் பாசறையில் காசியஸ் கையூட்டுப் பெற்றதாக அவன் கடிந்துகொள்கிறான். படைக்குப் பொன் கேட்டபோது காசியஸ் தரவில்லை என்றும் அதே பூசலில் குறைப்படுகிறான்.

எனினும், மிகுதியாக மாறியவன் ஆண்டனியே. நண்பனின் உடலருகே நின்று அவன் உயிலைப் படித்துக் காட்டுகிறான். உரோமானியர் ஒவ்வொருவருக்கும் 75 டிராக்மாக் காசுகள். டைபர் ஆற்றங்கரைத் தோட்டங்கள் மக்களுக்குப் பொது. கேட்ட மக்கள் கொதித்தெழுகின்றனர். அடுத்து அவன் மேடைக்கு வரும்போது ஆக்டேவியஸ், லெபிடஸ் ஆகியோருடன் அமர்ந்திருக்கிறான். சாக வேண்டியவர்களின் பட்டியல் அவர்கள்முன் இருக்கிறது. லெபிடஸ் தன் உடன்பிறந்தானின் பெயருக்கு இசைகிறான். ஆண்டனி தன் தமக்கை மகனின் பெயரருகே ஒரு புள்ளி வைக்கிறான். அத்துடன் நின்றானில்லை. அதே உயிலைக் கொண்டுவர லெபிடஸை அனுப்புகிறான். மக்களுக்குச் சீசர் விட்டுச்சென்றதில் எதைக் குறைக்கலாம் எனப் பார்ப்பதற்காக! போனவன் திரும்புமுன், அவனைச் சுமை இறக்கியபின் விரட்டிவிட வேண்டிய கழுதை என்கிறான்.

ஆண்டனியின் கண்ணீர் வெறும் நடிப்பு எனச் சிலர் கூறுவர். அது பொருந்தாது. காண்பார் எவருமின்றிச் சீசரின் உடலோடு தனித்திருந்தபோதும் அவன் கலங்கினான். மெய்யாகவே அழுதவன்தான் அந்தப் புள்ளியையும் வைத்தான். இந்நாடகத்தில் கொலைக் காட்சியை விடக் கொடியது இதுவே.

அந்த நூலில் கையொப்பமிட்ட மண்டேலா, 1994இல் தம் நாட்டின் குடியரசுத் தலைவரானார். மீண்டும் ஒருமுறை அப்பதவியில் அமரச் சட்டம் இடம் தந்தும், 1999இல் தாமே விலகிக்கொண்டார்.