கருவியின் விளக்கத்தை எழுத வேண்டியவர் யார்?

வினாவிற்கு விடை கூறுவதோடு நில்லாமல் காரியங்களையும் செய்து முடிக்கும் கணிப்பொறி அமைப்புகள் 'செயற்கை நுண்ணறிவு முகவர்' என்று வழங்கப்படுகின்றன. வானிலை விவரம் பெறுதல், கட்டணம் வசூலித்தல், பதிவேட்டில் குறித்தல் போன்ற ஒவ்வொரு காரியத்திற்கும் எனத் தனியே அமைந்த சிறு நிரல் ஒன்றை முகவர் அமைப்பு ஏவுகிறது. இந்நிரலே 'கருவி' எனப்படும். கருவியின் பெயர், சில வரிகளில் அதன் விளக்கம், நிரப்ப வேண்டிய விவரங்களின் பட்டியல் ஆகிய மூன்றும் அமைப்பிடம் தரப்படுகின்றன. 2024 நவம்பரில் ஆன்த்ரோபிக் நிறுவனம் வெளியிட்ட 'மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகால்' என்னும் பொது விதிமுறையும் இவ்வழியையே பின்பற்றுகிறது. கருவியின் உள்ளமைப்பை முகவர் அமைப்பு பொதுவாகக் காண்பதில்லை. எக்கருவியை எடுப்பது, அதில் எதை நிரப்புவது என்பவற்றை அச்சொற்களைக் கொண்டே அது தீர்மானிக்கிறது. ஆகவே விளக்கமும் கருவியின் ஓர் உறுப்பாகவே கருதப்பட வேண்டும்.

பெங்களூருவைத் தலைமையிடமாகக் கொண்ட ரேஸர்பே நிறுவனத்தின் கருவிகள் இதற்குத் தக்க சான்றாகும். இணையவழிக் கட்டணங்களைப் பெற்றுத் தரும் இந்நிறுவனம், முகவர் அமைப்புகள் கையாளத்தக்க கருவிகளை 2025-ஆம் ஆண்டில் வெளியிட்டது. இவற்றில் தொகையைப் பைசாக் கணக்கில் குறித்தல் வேண்டும். 300 ரூபாய்க்கு 30000 என எழுத வேண்டும். இவ்விதி விளக்கத்திலேயே எடுத்துக்காட்டுடன் தரப்பட்டுள்ளது. அந்த ஒரு வரி இல்லையெனில் யாது நேரும்? பள்ளிச் சுற்றுலாவிற்கு மாணவர் ஒருவருக்கு 300 ரூபாய் வசூலிக்குமாறு ஆசிரியர் பணித்தால், முகவர் அமைப்பு 300 என்றே நிரப்பக்கூடும்; பெற்றோருக்கு மூன்று ரூபாய்க்கான சீட்டுப் போய்ச்சேரும். 300, 30000 ஆகிய இரண்டுமே செல்லத்தக்க எண்களாதலால் யந்திரம் பிழையென்று மறுக்காது.

இத்தகைய குழப்பத்தை நாடு முன்னரே கண்டுள்ளது. 1957 ஏப்ரல் 1-ஆம் தேதி ரூபாய் 100 பைசாவாக வகுக்கப்பட்டது. அதற்கு முன் ஒரு ரூபாய்க்கு 64 பைசா. இரு நாணயங்களும் ஒரே பெயரால் மயக்கம் தராதிருக்கப் புதியது 'நயா பைசா' எனப்பட்டது. மக்கள் பழகிய பின்னர், 1964-ல் 'நயா' என்னும் அடைமொழி நீக்கப்பட்டது. முகவர் அமைப்போ விளக்கத்தை ஒவ்வொரு முறையும் புதிதாகவே வாசிக்கிறது. ஆதலின் அடைமொழியை அங்கே ஒருபோதும் நீக்குதற்கில்லை.

விவசாயத் துறையில் இடர் இன்னும் மிகுதி. கர்நாடகத்தில் 40 குண்டே ஓர் ஏக்கர். தமிழ்நாட்டில் 100 சென்ட் ஓர் ஏக்கர். ஒரு ஹெக்டேர் ஏறத்தாழ 2.47 ஏக்கர். உர அளவைக் கணிக்கும் கருவி ஒன்றில் 'பரப்பு' என்று மட்டும் எழுதியிருந்தால், விவசாயி ஏக்கரில் கூறிய எண் ஹெக்டேராகக் கொள்ளப்பட்டு, உரம் ஏறக்குறைய இரண்டரை மடங்காகிவிடும். கருவி தரும் விடைக்கும் இவ்வெச்சரிக்கை தேவை. '46 கிலோ' என்று விடை வந்தால், அது யூரியாவின் எடையா, தழைச்சத்தின் எடையா? யூரியாவில் தழைச்சத்து நூற்றுக்கு 46 பங்கே. 46 கிலோ தழைச்சத்திற்கு 100 கிலோ யூரியா வேண்டும்.

நல்ல விளக்கம் கருவி செய்வது யாது, எப்போது அதனைப் பயன்படுத்தலாம், எப்போது கூடாது, எவ்வளவை முறையில் நிரப்புவது, விடை எவ்வளவை முறையில் வரும், செய்த காரியத்தை மீட்க இயலுமா என்பவற்றைக் கூறும். ஓர் எடுத்துக்காட்டும் உடன் இருத்தல் நலம். எனினும் நீளமே தெளிவாகாது. பல கருவிகளின் விளக்கங்கள் ஒருங்கே வாசிக்கப்படுவதால், தேவையற்ற புகழுரை தேவையானதை மறைக்கும்; ஒன்றைப்போல் ஒன்று எழுதப்பட்ட இரு விளக்கங்கள் தேர்வில் மயக்கம் தரும்.

யந்திரங்களின் அறிவு நாளுக்கு நாள் வளர்வதால் குறைகளை அவையே ஊகித்துக்கொள்ளும் என்பார் உளர். ஆனால் எழுதப்படாத அளவை முறையை ஊகம் உறுதியாகத் தர இயலாது. அன்றியும், விளக்கம் ஒன்றே காவலாகிவிடாது. பெருந்தொகை செலுத்துதல், பதிவை அழித்தல் போன்றவற்றிற்குரிய வரம்பு நிரலிலேயே அமைதல் வேண்டும். மனிதரின் இசைவும் பெறப்படல் வேண்டும்.

இவ்விளக்கங்களை எழுதும் பொறுப்பு இன்று பெரும்பாலும் நிரல் எழுதுவோரிடமே உள்ளது. நிரலை அவர்கள் நன்கு அறிவர். குண்டேயையும் சென்டையும் ஒரே மூச்சில் கூறும் விவசாயியைக் களப்பணியாளரே அறிவர். ஒரு சொல் எவ்வெவ்வாறு தவறாகக் கொள்ளப்படும் என்பதை ஆசிரியர் விடைத்தாள் தோறும் காண்கின்றனர். எனவே கிராமத்திற்கும் பள்ளிக்கும் வரும் ஒவ்வொரு கருவியின் விளக்கமும் வெளியீட்டிற்கு முன் இவ்விரு சாராரின் பார்வைக்கு வைக்கப்படல் வேண்டும். சோதனை எளிது: கருவியைக் காணாத ஒருவரிடம் விளக்கத்தை மட்டும் தந்து, 300 ரூபாய்க்கும் இரண்டு ஏக்கருக்கும் எவ்வெண்ணை நிரப்புவார் என்று கேட்க வேண்டும். அவர் தயங்கினால் அவ்விளக்கம் திருத்தி எழுதப்பட வேண்டும்.