கைநடுக்கமும் காப்பீட்டு அட்டையும்

வரதய்யபாளையம், சத்தியவேடு மண்டலங்களில் 2008 முதல் வளர்ந்துள்ள ஸ்ரீசிட்டித் தொழிற்பேட்டையில் வேலை பார்க்கும் தமிழர்கள் பலர். அன்றாடம் எல்லை தாண்டி வந்து போகிறவர்கள் உண்டு. குடும்பத்தோடு வாடகைக்குக் குடியேறியவர்களும் உண்டு. இயந்திரத்தில் நிற்பவரானாலும் கணக்கு எழுதும் குமாஸ்தாவானாலும் கைதான் மூலதனம். அந்தக் கையே நடுங்கத் தொடங்கினால் என்ன கதி என்ற கேள்விக்கு சர்க்கார் காப்பீட்டுத் திட்டங்களில் நேரான பதில் இல்லை.

நடுக்குவாதம் என்று வழங்கும் பார்க்கின்சன் நோயை 1817இல் லண்டன் டாக்டர் ஜேம்ஸ் பார்க்கின்சன் விவரித்து எழுதினார். மூளையில் டோபமின் என்ற பொருளைச் சுரக்கும் அணுக்கள் சிறுகச் சிறுக அழிவதால் இது வருகிறது. கை நடுங்கும், உடல் விறைக்கும், நடை தளரும், கையெழுத்து சிறுத்துக்கொண்டே போகும். பெரும்பாலும் அறுபதை ஒட்டி வருவதாயினும், வேலை பார்க்கும் வயதில் வருவதும் உண்டு. பூரணமாகக் குணப்படுத்த மருந்து இல்லை. லெவோடோபா கலந்த மாத்திரையை நாளைக்குப் பலமுறை, வேளை தவறாமல், ஆண்டுக்கணக்கில் விழுங்க வேண்டும். மாத்திரை பிந்தினால் எழுந்து நிற்பதே சிலருக்குச் சிரமம்.

ஆகவே இந்த வியாதியின் செலவு ஆஸ்பத்திரிக் கட்டிலில் இல்லை. மருந்துக் கடையிலும் வீட்டிலும்தான் இருக்கிறது. காப்பீட்டுத் திட்டங்களோ பெரும்பாலும் கட்டிலுக்குத்தான் பணம் கட்டுகின்றன. ஆந்திரத்தில் 2007இல் தொடங்கிய ஆரோக்யஸ்ரீயின் உச்சவரம்பு 2023 டிசம்பரில் 25 லட்சம் ரூபாயாக உயர்த்தப்பட்டது. 2018இல் வந்த மத்திய சர்க்காரின் ஆயுஷ்மான் பாரத் திட்டம் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் தருகிறது. வீடு திரும்பிய பின் 15 நாள் வரைதான் அதன் பொறுப்பு. பதினாறாம் நாள் மாத்திரையை யார் வாங்குவது? இருபத்தைந்து லட்சம் என்ற எண் பிரமாதமானதுதான். மாதாமாதம் மருந்துச் சீட்டோடு நிற்பவருக்கு அதில் ஒரு ரூபாய் கூட எட்டாவிட்டால், அந்த எண்ணால் அவருக்கு ஆவதென்ன?

இது விஷயத்தில் உருப்படியாக உதவக்கூடியது ஈ.எஸ்.ஐ. ஒன்றுதான். ஆனால் அதன் முழு உரிமையைத் தொழிலாளரில் பலர் அறிந்திருப்பதாகத் தெரியவில்லை. சம்பளத்தில் நூற்றுக்கு முக்கால் ரூபாய் பிடித்தம். முதலாளி பங்கு மூன்றேகால். இதற்கு ஈடாக, படுக்கையில் சேராமலே டிஸ்பென்சரி மருந்து உண்டு, குடும்பத்தாருக்கும் உண்டு. சாதாரண நோய்க்குச் சம்பளத்தில் 70 சதவிகிதம் ஆண்டுக்கு 91 நாள். நீடித்த நோய்கள் என ஒரு தனிப் பட்டியல் இருக்கிறது. பார்க்கின்சன் நோயும் தசைச் சிதைவு நோய்களும் அதில் அடக்கம். அவற்றுக்கு 80 சதவிகிதம், இரண்டு ஆண்டு வரை கிடைக்கும்.

நிபந்தனைகளில்தான் சிக்கல். இரண்டு ஆண்டு தொடர்ந்த வேலையும், முந்தைய நான்கு சந்தாக் காலங்களில் 156 நாள் சந்தாவும் வேண்டும். காண்டிராக்டர் மாறும்போதெல்லாம் பெயரை நீக்கிப் புது எண்ணில் பதிவு செய்யும் வழக்கம் இருக்குமிடத்தில், பத்து ஆண்டு உழைத்தவரும் புது ஆள்தான். பழைய எண்ணையே தொடரும்படி கேட்பது தொழிலாளியின் உரிமை. கேட்டு வாங்கி வைத்துக்கொள்வது அவசியம். 2017இல் வகுத்த 21,000 ரூபாய்ச் சம்பள வரம்பைத் தாண்டிய குமாஸ்தாவோ இந்தக் கூரைக்கும் வெளியே நிற்கிறார்.

இரண்டு ஆண்டுக்குப் பின்? வியாதி அப்போதுதான் முற்றத் தொடங்கியிருக்கும். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டம் பார்க்கின்சன் நோயை அங்கீகரித்த 21 குறைபாடுகளில் ஒன்றாகச் சேர்த்தது. 40 சதவிகிதத்துக்குக் குறையாத ஊனம் என்று டாக்டர்கள் சான்று தந்தால் சலுகைகளுக்கு வழி பிறக்கும். ஆந்திர சர்க்கார் 2024 ஜூலை முதல் ஊனமுற்றோர் பென்ஷனை 6,000 ரூபாயாகவும், முடங்கிப் படுத்தவர்களுக்கு 15,000 ரூபாயாகவும் உயர்த்தியது மெச்சத்தக்கது. ஆனால் இவை ஆந்திரக் குடும்பங்களுக்கானவை. ரேஷன் கார்டு திருவள்ளூரிலோ விழுப்புரத்திலோ இருக்க, ஆள் வரதய்யபாளையத்தில் இருந்தால், இரண்டு கதவும் சாத்தியே இருக்கும்.

தமிழ்நாட்டின் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில், ஆறு மாதத்துக்கு மேல் அங்கு வசிக்கும் பிற மாநிலத் தொழிலாளரைச் சேர்த்துக்கொள்ள விதி இருக்கிறது. அதே விதியை ஆந்திரமும் ஏற்பதில் என்ன தடை? தமிழ்நாட்டிலும் குறை இல்லாமல் இல்லை. 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் நீரிழிவு, ரத்த அழுத்த மாத்திரைகளை வீடு தேடிக் கொண்டுபோய்க் கொடுக்கிறது. படுக்கையில் கிடப்பவருக்குப் பிசியோதெரபியும் தருகிறது. அந்தப் பையில் நடுக்குவாத மாத்திரைக்கும் இடம் இருக்க வேண்டும். லெவோடோபாவும் கார்பிடோபாவும் சேர்ந்த மாத்திரை மத்திய சர்க்காரின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருப்பதுதான். புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை.

எல்லைக்கு இருபுறமும் உள்ள சுகாதார அமைச்சர்கள் கூடிப் பேசினால் ஒரே உட்காரலில் முடிகிற காரியம் இது. அதுவரை, கை நடுங்குகிறது என்று தோன்றிய உடனேயே ஈ.எஸ்.ஐ. டிஸ்பென்சரியில் காட்டிப் பதிவு செய்துகொள்வது தொழிலாளிக்கு நல்லது. வேலையை விட்டு நின்ற பிறகு போனால் அந்த இரண்டு ஆண்டு உதவியும் கைக்கு வராது.