எதிர்ச்சொல்லும் பொருட்டெளிவும்

ஆங்கிலச் சொற்களை இடப்புறமும் அவற்றின் எதிர்ச்சொற்களை வலப்புறமும் அடுக்கி, நம் பிள்ளைகளை நெட்டுருச் செய்விக்கும் வழக்கம் பள்ளிகளில் நெடுங்காலமாக இருந்து வருகின்றது. 'ஓல்டு' என்றால் 'நியூ'. 'லைட்' என்றால் 'டார்க்'. 'ரைட்' என்றால் 'லெப்ட்'. அவ்வளவுதான்! பிள்ளையும் ஒப்புவித்து மதிப்பெண் பெற்று வீடு திரும்புகின்றது.

ஆனால், அகவை முதிர்ந்த ஒருவரை 'ஓல்டு' என்னுங்கால் அதன் எதிர் 'நியூ' அன்று, 'யங்' என்பதே. தமிழ்ப் பிள்ளைக்கு இவ்வேறுபாடு புதிதா? முதியவர்க்கு எதிர் இளையவர் என்றும், பழையதற்கு எதிர் புதியது என்றும் நாம் முன்னரே பிரித்து வைத்துள்ளோம். ஆங்கிலம் ஒரு சொல்லில் அடைத்ததைத் தமிழ் இரண்டாக வகுத்துக் காட்டுகின்றது. தமிழ் வழியே விளக்கின் ஆங்கிலமும் தெளிவாக விளங்கும். விளக்குவார்தாம் இலர்! 'லைட்' என்பது ஒளியைக் குறிப்பின் எதிர் இருள். பளுவைக் குறிப்பின் கடுஞ்சுமை. 'ரைட்' என்பதற்கோ இடம், தவறு, கடமை என மூன்று எதிர்கள் முளைக்கின்றன. எனவே எதிர்ச்சொல் சொல்லுக்கு உரியதன்று; அச்சொல் அவ்விடத்தே கொள்ளும் பொருளுக்கே உரியது.

பலபொருள் ஒருசொல்லை வினையாலும் இனத்தாலும் சார்பாலும் தெளிய வேண்டும் எனத் தொல்காப்பியர் கிளவியாக்கத்துள் வகுத்துள்ளார். மா பூத்தது என்றால் மரம். மா கனைத்தது என்றால் குதிரை. இவ்வளவு கூரிய கருவியைக் கையில் வைத்துக்கொண்டு, ஆங்கில அகரமுதலியின் முதற்பொருளை மட்டும் பார்த்து மொழிபெயர்ப்பாரை என்னென்பது? 'சாங்சன்' எனும் சொல் கடனுக்கு வருங்கால் இசைவு. ஒரு நாடு மற்றொரு நாட்டின்மேல் விதிக்குங்கால் தடை. தனக்குத் தானே எதிராய் நிற்கும் சொல் அது! சார்பு நோக்காது பெயர்த்தால், தடுக்கப்பட்டது கொடுக்கப்பட்டதாகிவிடும்.

இவற்றினும் இடர் மிக்கது முன்னொட்டு. 'இன்' என்பது மறுப்புக் குறி என்றே நம்மவர் கற்கின்றனர். 'இன்டைரக்ட்' முதலியவற்றில் அது பொருந்தும். 'இன்வேலுவபிள்' என்பதோ மதிப்பற்றது அன்று, மதிப்பிடற்கரியது. 'இன்பிளேமபிள்' என்பதில் அம் முன்னொட்டு மறுப்பே அன்று. தீக்கொளுவுதலைக் குறிக்கும் இலத்தீன் வினையினின்று வந்த அச்சொல்லுக்கு எளிதில் தீப்பற்றுவது என்பதே பொருள். ஆங்கிலேயரும் அமெரிக்கரும் கூட இதில் மயங்கினர். அக்கரணியத்தாலேயே 20ஆம் நூற்றாண்டில் அவர்தம் தீக்காப்பு அமைப்புகள் முன்னொட்டை நீக்கி 'பிளேமபிள்' என்றெழுதத் தூண்டின. தம் மொழியையே உயிர்க்காப்பின் பொருட்டு அவர்கள் திருத்திக் கொண்டனர்.

இங்கோ, கன்னெய் ஏற்றிச் செல்லும் சரக்குந்துத் தொட்டிகளில் அப்பழைய சொல் ஆங்கில எழுத்திலேயே பொறிக்கப்பட்டு வருகின்றது. 'இன்' என்றால் 'இல்லை' என்று பள்ளியில் கற்றுவந்த தொழிலாளி, அருகில் நின்று சுருட்டுப் பற்றவைத்தால் பிழை எவருடையது? 'எளிதில் தீப்பற்றும், நெருப்புக் கொணரற்க' எனத் தமிழில், தொலைவினின்று படிக்கத்தக்க பெரிய எழுத்துகளில், தொட்டியின் இருபுறமும் பின்புறமும் எழுதச் செய்யுமாறு அரசு ஆணையிடல் வேண்டும்.