படகோட்டிக்குத் தெரிந்த தண்ணீர்



நெய்வேலியிலிருந்து வாசகி ஒருவர் கடிதமும், கூடவே பளபளப்பான விளம்பரக் கையேடு ஒன்றும் அனுப்பியிருந்தார். வெளிநாட்டில் வேலை பார்க்கும் மகன், அம்மா அப்பாவின் அறுபதாம் கல்யாணத்துக்குப் பரிசாக நினைத்த பயணமாம் அது. மத்திய தரைக்கடல் தீவுகளுக்கு நடுவே ஒரு வாரம் பாய்மரப் படகில் வாசம். கேப்டன், சமையல்காரர், பாய் ஏற்றி இறக்க ஓர் ஆள் என எல்லாரும் படகோடு வந்துவிடுவார்கள். பெட்டியோடு ஏறி உட்கார வேண்டியதுதான் நம் வேலை. விலையைப் பார்த்ததும் அப்பா கையேட்டை மடித்து வைத்துவிட்டார். அம்மா எங்களுக்கு எழுதிவிட்டார்: "நம்ம பக்கமும் கடல் இருக்கே. கடலூர் இருக்கு, சிதம்பரத்துக்குக் கிழக்கே பிச்சாவரம் இருக்கு. இங்கேயே இப்படி ஒரு வாரம் போக முடியாதா?"

நியாயமான கேள்வி. இந்த இதழை நீர்வழிச் சிறப்பிதழாகக் கொண்டுவரவே அந்தக் கடிதம்தான் காரணம். விரிவான கட்டுரைகள் உள்ளே இருக்கின்றன. என் பங்குக்கு இந்தப் பக்கத்தில் கொஞ்சம் பேசுகிறேன்.

முதலில் அந்த ஊர்க் கதை. கிரீஸ், குரோவேஷியா, துருக்கிக் கரைகளில் இந்தப் பயணங்கள் பெரும்பாலும் சனிக்கிழமை தொடங்கி அடுத்த சனிக்கிழமை முடிகின்றன. ஒரு நாளில் சில மணி நேரம்தான் ஓட்டம். மிச்ச நேரமெல்லாம் ஏதாவது ஒரு குடாவில் நங்கூரம் போட்டு நீந்துவது, சாப்பிடுவது, தூங்குவது. அதற்கு ஏற்ற கடல் அது. ஒரு தீவிலிருந்து பார்த்தால் அடுத்த தீவு தெரியும். ஏற்றவற்றம் மிகக் குறைவு என்பதால் துறையில் கட்டிய படகு கட்டிய இடத்திலேயே நிற்கும். கோடையில் மழை அபூர்வம். ஏஜியன் கடலில் ஜூலை, ஆகஸ்டில் வடக்கிலிருந்து பலத்த காற்று வீசும். அதற்கு மெல்டெமி என்று பெயர். அது எப்போது எழும், எந்தக் குடாவில் இரவில் படகு ஆடாது என்பதெல்லாம் கேப்டனுக்கு அத்துப்படி.

இந்தச் சொகுசுக்குத் துருக்கியில் ஓர் எளிய தொடக்கம் உண்டு. ஜெவாத் ஷாகிர் என்ற எழுத்தாளரை, அவர் எழுதிய ஒரு கட்டுரைக்குத் தண்டனையாக, 1925இல் போட்ரும் என்ற ஊருக்கு அனுப்பினார்கள். அப்போது அது கடற்பஞ்சு எடுப்பவர்களும் மீனவர்களும் வாழ்ந்த சிற்றூர். தண்டனை கொடுத்தவர்களுக்கு ஏமாற்றம்தான். மனிதருக்கு ஊர் பிடித்துப்போய் அங்கேயே பல்லாண்டுகள் வாழ்ந்தார். பின்னாளில் எழுத்தாள நண்பர்களைக் கூட்டிக்கொண்டு கடற்பஞ்சுப் படகுகளிலேயே கரையோரமாக நாள்கணக்கில் சுற்றினார். அந்தப் பயணங்களுக்கு 'நீலப் பயணம்' என்று பெயர் நிலைத்தது. இன்று குளிர்சாதன அறைகளோடு மிதக்கும் 'குலெட்' என்ற படகுகளெல்லாம் அந்த வழியில் வந்தவைதான். உழைப்பாளியின் படகும் அவருடைய கடலறிவும்தான் முதல். மெத்தையும் மேஜை விரிப்பும் பிறகு வந்தவை.

இப்போது நம் கரைக்கு வருவோம். சென்னையிலிருந்து கோடியக்கரை வரை சோழமண்டலக் கரை ஏறக்குறைய நேர்கோடாகக் கிடக்கிறது. ஒதுங்கத் தீவு கிடையாது. நுழைய இடம் என்றால் ஆற்று முகத்துவாரங்கள்தான். அவற்றின் வாயையும் மணல் அடிக்கடி அடைத்துவிடும். கரையை ஒட்டி அலை உடைந்துகொண்டே இருக்கும். அதனால்தான் அந்தக் காலத்தில் கப்பல்கள் ஆழத்திலேயே நங்கூரம் போட்டு நிற்க, ஆளையும் சரக்கையும் மசூலாப் படகுகள் கரை சேர்த்தன. ஆணி அடிக்காமல், பலகையோடு பலகையைக் கயிற்றால் தைத்த படகு அது. அலை அறைந்தால் வளைந்து கொடுக்கும், பிளக்காது. எவ்வளவு பெரிய துரையாக இருந்தாலும் கரைக்கு வர அந்தப் படகுக்காரரை நம்பித்தான் ஆக வேண்டும்.

பாய்மரம் கடலூருக்குப் புதிதல்ல. ஆனால் அது வந்ததெல்லாம் வியாபாரத்துக்கும் சண்டைக்கும். 1690இல் தேவனாம்பட்டினத்துக் கோட்டையை மராட்டியரிடமிருந்து ஆங்கிலேயர் வாங்கியபோது, கோட்டையிலிருந்து சுட்ட பீரங்கிக் குண்டு போய் விழும் தூரம் வரையுள்ள கிராமங்களும் சேர்த்துக் கைமாறின. அதுதான் செயின்ட் டேவிட் கோட்டை. 1756இல் ராபர்ட் கிளைவ் அதன் ஆளுநராக வந்து உட்கார்ந்தார். 1783 ஜூன் 20 அன்று கடலூருக்கு எதிரே 18 ஆங்கிலேயப் போர்க்கப்பல்களும் 15 பிரெஞ்சுக் கப்பல்களும் வரிசை கட்டி மோதின. இரண்டு பக்கமும் ஒரு கப்பல்கூட மூழ்கவில்லை, ஆட்கள்தான் செத்தார்கள். ஐரோப்பாவில் அதற்குச் சில மாதங்களுக்கு முன்பே சமாதானம் பேசி முடித்திருந்தார்கள். சேதி இங்கே வந்து சேரவில்லை, அவ்வளவுதான்.

ஒரு வாரக் கடல் பயணமும் நமக்குப் புதிதல்ல. 1926இல் கட்டப்பட்ட 'ரஜூலா' கப்பல் சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று பல்லாண்டுகள் போய்வந்தது. அதற்குப் பின் வந்த கப்பலின் பெயரே 'சிதம்பரம்'. பிரான்சில் 1966இல் 'பாஸ்தர்' என்ற பெயரில் கட்டப்பட்டு, 1970களின் தொடக்கத்தில் நம் நாட்டுக் கப்பல் கழகம் வாங்கிப் பெயர் மாற்றிய கப்பல் அது. 1980களின் நடுவில் நடந்த தீ விபத்தோடு அதன் ஓட்டம் நின்றது. தஞ்சை, தென்னார்க்காட்டு வீடுகளில் பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். மேல்தளத்தில் பாய் விரித்துப் படுத்தது, ஊறுகாய் ஜாடியைப் பக்கத்துப் பயணியோடு பங்கு போட்டது, இரண்டு நாள் வாந்திக்குப் பிறகு பசி எடுத்தது என்று கதை கதையாகச் சொல்வார்கள். அது பிழைப்புக்கான பயணம். கடலைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார யாரும் டிக்கெட் எடுக்கவில்லை.

ஆகவே வாசகிக்கு என் பதில் இதுதான்: கடலூரில் பாய் ஏற்றி ஒரு வாரம் தீவு தீவாகப் போக வழியில்லை. ஆனால் அந்தக் கையேட்டில் இருப்பதில் உண்மையாகவே விலை கொடுத்து வாங்கத் தகுந்த ஒன்று, தண்ணீரைத் தெரிந்த ஒருவரின் துணை. அது நம்மிடம் தாராளமாக இருக்கிறது. நாம் அதை நிமிடக் கணக்கில் வாங்கித் தீர்த்துவிடுகிறோம்.

பிச்சாவரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். வடக்கே வெள்ளாறும் தெற்கே கொள்ளிடமும் கடலில் கலக்கும் இடங்களுக்கு நடுவே, ஐம்பதுக்கும் மேற்பட்ட திட்டுகளைச் சுற்றி வளைந்து ஓடும் கால்வாய்கள். 1975இல் வந்த 'இதயக்கனி' படத்தில் எம்.ஜி.ஆர். படகில் வந்த பிறகு ஊருக்கெல்லாம் தெரிந்த இடம். 2022இல் ராம்சர் சதுப்புநிலப் பட்டியலிலும் ஏறிவிட்டது. படகுத்துறையில் மோட்டார் படகும் உண்டு, துடுப்புப் படகும் உண்டு. விடுமுறை நாளில் போனால் முதலில் காதில் விழும் கேள்வி, "எத்தனை நிமிஷத்துல திரும்பலாம்?"

துடுப்புப் படகில் ஏறுங்கள் என்பேன். அகன்ற நீர்ப்பரப்பைத் தாண்டிக் குறுகிய கால்வாய்க்குள் நுழைந்ததும், படகோட்டி துடுப்பை உள்ளே இழுத்து வைத்துக்கொண்டு சுரபுன்னை வேர்களைக் கையால் பிடித்துப் பிடித்துப் படகைத் தள்ளிக்கொண்டு போவார். தலைக்கு மேலே கிளைகள் கூடியிருக்கும். "குனிஞ்சுக்குங்க சார்" என்ற குரல் வந்தால் உடனே குனிந்துவிட வேண்டும். வெண்கண்டல் மரத்தடியில் சேற்றுக்கு மேலே பென்சில் நட்டு வைத்தாற்போல் மூச்சுவேர்கள் நிற்கும். சேற்றில் காற்றோட்டம் இல்லாததால் மரம் மேலே வேரை நீட்டி மூச்சு வாங்குகிறது. தில்லை மரம் வந்தால் கிளையை ஒடிக்கக் கூடாது. அதன் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. சிதம்பரம் கோயிலின் தலமரம் அது. கோயில் பக்கத்தில் தில்லைக் காடு இன்று இல்லை. தில்லையைத் தில்லையாகப் பார்க்க இங்கேதான் வரவேண்டும். கொஞ்சம் தள்ளிப் போனால், கழுத்தளவு தண்ணீரில் நின்று கையால் தடவித் தடவி இறால் பிடிக்கும் இருளர் மக்களைப் பார்க்கலாம். எந்த நேரத்தில் நீர் ஏறும், எப்போது வற்றும், எந்த வாய்க்காலில் படகு தட்டும் என்பதெல்லாம் படகோட்டிக்கு மனப்பாடம். கேட்டால் சொல்வார். நாம்தான் செல்ஃபி எடுத்துக்கொண்டிருப்போம்.

இந்தக் காடு தானாகத் தழைத்துவிடவில்லை. ஒரு காலத்தில் பகுதி பகுதியாக மொட்டையாக வெட்டியதில், வெட்டிய இடம் பள்ளமாகித் தேங்கிய நீரில் உப்பு ஏறி, கன்று முளைக்க முடியாமல் போயிற்று. 1990களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் கிராமத்து மக்களைச் சேர்த்துக்கொண்டு மீன்முள் வடிவில் வாய்க்கால் வெட்டின. நடுவில் ஒரு பெரிய வாய்க்கால், இரு பக்கமும் கிளை வாய்க்கால்கள். கடல்நீர் உள்ளே வந்து திரும்பிப் போக வழி கிடைத்தது. நட்ட கன்றுகள் பிழைத்தன. 2004 டிசம்பர் 26 அன்று அதன் பலன் தெரிந்தது. கடலோர மணல்மேட்டில் இருந்த எம்.ஜி.ஆர். திட்டு, பில்லுமேடு போன்ற குடியிருப்புகளைச் சுனாமி வாரிக்கொண்டு போனது. காட்டுக்குப் பின்னால் இருந்த ஊர்களில் சேதம் மிகக் குறைவு.

அதனால்தான், பிச்சாவரத்தை மத்திய தரைக்கடலாக்கிவிடலாம் என்று யாராவது திட்டம் போட்டுக் கொண்டுவந்தால் எனக்குக் கொஞ்சம் பயமாக இருக்கிறது. அங்கேயும் நிலைமை அப்படியொன்றும் சுகமில்லை. உல்லாசப் படகுகள் போட்ட நங்கூரங்கள் கடலடிப் புல்வெளிகளைப் பிய்த்தெறிந்ததில், ஸ்பெயினின் பலேரிக் தீவுகள் 2018இல் அந்தப் புல்லின் மேல் நங்கூரமிடவே தடை கொண்டுவந்தன. நமக்குத் தேவை இன்னும் வேகமான மோட்டார் படகு அல்ல. காலையில் ஏறி மதியம் இறங்கும் அரைநாள் துடுப்புப் பயணம் வேண்டும். மரமும் பறவையும் விளக்கப் பயிற்சி பெற்ற உள்ளூர்ப் படகோட்டிகள் வேண்டும். அவர்களுக்கு அந்த அறிவுக்கேற்ற கூலியும் வேண்டும். சுற்றுலாத் துறைக்கு இந்தப் பக்கத்தின் வழியாக வைக்கும் வேண்டுகோள் இது.

அதுவரை, ஒரு வாரம் கையில் இருந்தால் என்ன செய்யலாம்? கடலூர் முதுநகர்த் துறைமுகத்தில் விடியற்காலையில் மீன் ஏலத்தைப் பாருங்கள். தேவனாம்பட்டினத்தில் வெள்ளிக் கடற்கரையும் கோட்டையின் மிச்சமும் அடுத்தடுத்து இருக்கின்றன. தெற்கே பரங்கிப்பேட்டையில், 1781 ஜூலையில் ஹைதர் அலியும் ஆங்கிலேயத் தளபதி ஐர் கூட்டும் மோதிய மண்ணில், வெள்ளாற்றங்கரையோரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் உயராய்வு மையம் இருக்கிறது. மாசி மகத்தை ஒட்டிப் போனால் கிள்ளையை விட்டுவிடாதீர்கள். ஸ்ரீமுஷ்ணம் பூவராகசாமி அங்கே கடலில் தீர்த்தவாரிக்கு வருவார். வழியில் இஸ்லாமியர்கள் வரவேற்று மரியாதை செய்வது நெடுநாள் வழக்கம். சிதம்பரத்தில் தங்கி, சம்பா சாதமும் கத்தரிக்காய் கொத்சும் சாப்பிட்டு, இரண்டு மூன்று காலைப் பொழுதுகளைப் பிச்சாவரத்துக்கு ஒதுக்குங்கள். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த தை, மாசி மாதங்கள் நல்லது. வெயிலும் ஏறாது, பறவைகளும் இருக்கும். தண்ணீர் பாட்டிலைத் திரும்பக் கொண்டுவந்துவிடுங்கள். படகோட்டியின் பெயரைக் கேட்டு வைத்துக்கொண்டு, மறுநாளும் அவரையே தேடிப் போங்கள். முதல் நாள் அவர் காட்டாததை இரண்டாம் நாள் காட்டுவார்.

பாய்மரத்தின் மேல் ஆசை தீராத இளைய வாசகர்களுக்கு ஒரு சேதி. கடலூருக்குப் பக்கத்து ஊரான புதுச்சேரியைச் சேர்ந்த கடற்படை அதிகாரி ரூபா அழகிரிசாமி, சக அதிகாரி தில்னாவுடன் 'தாரிணி' என்ற பாய்மரப் படகில் 2024 அக்டோபரில் கோவாவிலிருந்து புறப்பட்டு, உலகைச் சுற்றி 2025 மே மாதம் திரும்பினார். அந்தப் படகில் சமையலும் அவர்களே, பாய் கட்டுவதும் அவர்களே. சென்னையில் 1911இல் தொடங்கிய ராயல் மெட்ராஸ் யாட் கிளப் இருக்கிறது. பாய்மரம் பழக அயல்நாடு போக வேண்டியதில்லை.

நெய்வேலி வாசகியின் குடும்பத்துக்கு எங்கள் அறுபதாம் கல்யாண வாழ்த்துகள். மகன் கொடுக்க நினைத்த பணத்தில் ஒரு சிறு பங்கு போதும், சொந்தபந்தம் மொத்தமும் சிதம்பரத்தில் ஒரு வாரம் தங்கலாம். கிரீஸுக்குப் போக வாய்த்தாலும் தாராளமாகப் போய்வாருங்கள். அந்தக் கேப்டனிடமும் கேள்வி கேளுங்கள்.

மற்ற வாசகர்களுக்கு ஒரு வேலை தருகிறேன். பரிசல், வள்ளம், கட்டுமரம், ஃபைபர் படகு, எதில் போயிருந்தாலும் சரி. உங்களை அழைத்துப் போனவர் தண்ணீரைப் பற்றிச் சொல்லித் தந்த ஒரு விஷயத்தை ஒரு பக்கத்துக்குள் எழுதி அனுப்புங்கள். தேர்ந்தெடுத்தவற்றை அடுத்த இதழில் வெளியிடுகிறோம். படகோட்டியின் சம்மதம் இருந்தால் அவர் பெயரையும் சேர்த்தே எழுதுங்கள். கட்டுரையில் உங்கள் பெயருக்குப் பக்கத்தில் அதையும் அச்சிடுவோம்.

அன்புடன்,
ஆசிரியர்