கைகண்ட சொல் இருக்க

தலைநகரில் வாழும் தமிழர் இல்லங்களில் அண்மைக் காலமாக ஓர் ஆங்கிலத் தொடர் அடுக்களை வரை வந்து அமர்ந்துவிட்டது. எலுமிச்சைச் சாதம் நமது ‘கோ டு’ உணவு. சளிக்குச் சுக்குக் கஷாயம் ‘கோ டு’ மருந்து. கரோல்பாகில் ஒரு கடை ‘கோ டு’ கடை. தமிழில் எழுதினால் ‘கோடு’ என்று படிக்கத் தோன்றும் இச்சொல், 1980களில் அமெரிக்கக் கூடைப்பந்தாட்டப் பேச்சில் பரவியது. ஆட்டம் முடியும் தறுவாயில் எவரை நம்பிப் பந்தைத் தரலாமோ, அந்த ஆட்டக்காரருக்கு உரிய அடைமொழி அது. அங்கே அது பொருத்தமான சொல்லே. அதன்மீது நமக்குப் பகையில்லை. நமது வழக்கு, அதை அழைத்துவந்து நடுவீட்டில் அமர்த்திய நம்மீதுதான்.

‘தமிழில் இதற்குச் சொல் ஏது?’ என்று கேட்போர் இருக்கின்றனர். ஒன்றா, இரண்டா? பலமுறை கொடுத்துப் பலன் தெரிந்த மருந்தைக் ‘கைகண்ட மருந்து’ என்றோம். தொட்டாலே நோய் தீரும் என்று நாம் நம்பும் மருத்துவர் ‘கைராசிக்காரர்’. கால் தானாகவே நடந்து செல்லும் கடை ‘வாடிக்கைக் கடை’. சொல்லாமல் விருந்தினர் வந்த இரவில் ரவை உப்புமா ‘கைகொடுக்கும்’. இவற்றை இடம் மாற்றிப் பாருங்கள். உப்புமாவுக்குக் கைராசி கிடையாது. வாடிக்கைக் கடை, கைகண்ட கடை ஆகாது. சோதித்து அறிந்தது, அதிர்ஷ்டத்தை நம்பியது, பழக்கத்தால் வந்தது, இக்கட்டில் உதவுவது என்று நம்பிக்கையையே நான்கு வகையாகப் பிரித்துப் பேசிய மொழி இது. ‘கோ டு’ நான்கையும் ஒரே மூட்டையாகக் கட்டிவிடுகிறது.

‘ராசி வடசொல் அல்லவா? அலமாரி போர்த்துகீசியம் அல்லவா?’ என்று இடைமறிப்பவரும் உண்டு. உண்மைதான். காபியை வேறு பெயரால் கேட்க வேண்டும் என்று நாமும் சொல்லவில்லை (கேட்டால் காபி கிடைக்காது). ஆனால் ‘சாவி’யின் கதை வேறு. திறவுகோல் இருக்கும்போதே அது போர்த்துகீசிய மொழியிலிருந்து வந்தது. இன்று வீட்டைப் பூட்டும்போது திறவுகோலைக் கேட்பவர் யார்? மேடைப் பேச்சிலும் நூல் தலைப்பிலும் அது ஒதுங்கிவிட்டது. ஈழத் தமிழரோ இன்றும் ‘திறப்பு’ என்றே கேட்கின்றனர். அவர்கள் வீட்டுக் கதவும் திறக்கத்தான் செய்கிறது.

ஊரில் ஒரு வீடு ஒரு சொல்லை மறந்தால், அடுத்த வீடும் தேநீர்க் கடையும் பேருந்தும் அதை நினைவூட்டும். நமக்கு அந்த வசதி இல்லை. பாட்டி தொலைபேசியில் ‘கைகண்ட மருந்து, குடி’ என்றால், ‘கை எப்படிப் பாட்டி பார்க்கும்?’ என்று கேட்கும் பெயர்த்தி நம் வீடுகளில் வளர்ந்துகொண்டிருக்கிறாள். தில்லித் தமிழ்க் கல்விக் கழகப் பள்ளிகள் அவளுக்கு இலக்கணமும் செய்யுளும் கற்பிக்கலாம். உப்புமா கைகொடுப்பதை எந்தப் பாடநூல் கற்பிக்கும்? அத்தகைய சொற்கள் கடைத்தெருவிலும் அடுக்களையிலும் புழங்குபவை. இங்கே கடைத்தெருவில் இந்தி. எஞ்சியிருப்பது அடுக்களை ஒன்றே. அங்கு நின்றுகொண்டுதான் நாம் ‘கோ டு’ என்கிறோம்.