ஆன்சைட்டா, வேற கம்பெனியா? கும்மிடிப்பூண்டி தொழிலாளர்கள் கையெழுத்துக்கு முன் பார்க்க வேண்டியது என்ன?

கையில் இரண்டு கடிதங்கள். ஒன்று, இப்போது வேலை பார்க்கும் கம்பெனியே தரும் வெளிநாட்டுப் பணி ஆணை. இன்னொன்று, பக்கத்து தொழிற்பேட்டையில் இருந்து வந்திருக்கும் ஆஃபர் லெட்டர். திருவள்ளூர், கும்மிடிப்பூண்டி வட்டாரத்தில் மெயின்டனன்ஸ், குவாலிட்டி, புரொடக்ஷன் பிரிவுகளில் நாலைந்து வருடம் அனுபவம் சேர்த்த பலருக்கு இப்படி ஒரு நிலைமை வருகிறது. ‘ஆன்சைட் போறதா, பேப்பர் போடுறதா?’ என்ற கேள்விக்கு பெரும்பாலானோர் மாதச் சம்பளத்தை மட்டும் வைத்து முடிவெடுக்கிறார்கள். சிக்கல் ஆரம்பிப்பதே அங்கேதான். ஏன்? விரிவாகப் பார்க்கலாம்.

இந்த வட்டாரத்தில் ஏன் இந்தக் கேள்வி?

சென்னையில் இருந்து கொல்கத்தா நெடுஞ்சாலையில் வடக்கே போனால் கும்மிடிப்பூண்டி சிப்காட். அதன் மேற்கே தேர்வாய் கண்டிகையில் பிரான்ஸ் நாட்டின் மிச்செலின் டயர் ஆலை. திருவள்ளூர் பக்கம் அமெரிக்காவின் கேட்டர்பில்லர். ஆந்திர எல்லையைத் தாண்டியதும் தடா அருகே ஸ்ரீசிட்டி. அங்கே இசுசு, டைகின், கோபெல்கோ என ஜப்பானிய நிறுவனங்கள் வரிசையாக இருக்கின்றன.

தாய் நிறுவனம் வெளிநாட்டில் இருந்தால் பயிற்சி, புதிய இயந்திரம் நிறுவுதல், தொழில்நுட்பப் பரிமாற்றம் என்று ஊழியர்களை வெளியே அனுப்பும் வாய்ப்பு இருக்கும். அதே திறமைக்கு கம்பெனி பஸ் போகும் தூரத்திலேயே இன்னொரு நிறுவனமும் ஆள் தேடும். அதனால்தான் இரண்டு கதவும் சில நேரம் ஒன்றாகத் திறக்கின்றன.

‘வெளிநாடு’ என்பது ஒன்றல்ல, மூன்று

‘கம்பெனி ஃபாரின் அனுப்புது’ என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறோம். காகிதத்தில் அது மூன்று வகை.

முதல் வகை, சில வாரங்களுக்கான பயிற்சி அல்லது வணிகப் பயணம். இரண்டாவது, டெபுடேஷன். இதில் ஊழியர் இந்திய நிறுவனத்தின் ஊழியராகவே இருப்பார். வேலை மட்டும் வெளிநாட்டுக் கிளையில். மூன்றாவது, இங்கே ராஜினாமா செய்துவிட்டு, அங்குள்ள கிளை நிறுவனத்துடன் புது ஒப்பந்தம் போடுவது. பெயரளவில் ஒரே குழுமம். சட்டப்படி பார்த்தால் அது வேலை மாற்றம்தான்.

மூன்றில் எது என்பதை ஆணையில் ‘முதலாளி யார், சம்பளம் தருவது யார்’ என்று எழுதப்பட்டிருக்கும் வரிகள் சொல்லிவிடும். வாயால் சொன்ன உறுதிமொழிக்கு இங்கே மதிப்பில்லை.

விசா தவறினால் என்ன ஆகும்?

2025 செப்டம்பர் 4 அன்று அமெரிக்காவின் ஜார்ஜியா மாகாணத்தில் நடந்ததே உதாரணம். ஹூண்டாய் - எல்ஜி கூட்டு பேட்டரி ஆலை கட்டும் இடத்தில் அமெரிக்க குடியேற்றத் துறை சோதனை நடத்தி 475 பேரைப் பிடித்தது. அதில் 300-க்கும் மேற்பட்டோர் தென்கொரியர்கள். அவர்களில் பலர் குறுகிய கால வணிக விசாவிலோ, விசா விலக்கு முறையிலோ வந்தவர்கள். பின்னர் தனி விமானத்தில் ஊர் திரும்பினார்கள். அனுப்பியது பெரிய நிறுவனங்கள். கைவிலங்கு ஊழியர்களுக்கு.

வணிக விசா கூட்டங்களுக்கும், பேச்சுவார்த்தைக்கும், வரையறுக்கப்பட்ட சில பணிகளுக்கும் மட்டுமே. லைனில் நின்று வழக்கமான உற்பத்தி வேலை பார்ப்பதற்கு அல்ல. பி-1 விசாவைத் தவறாகப் பயன்படுத்தியதாக எழுந்த புகாரில், 2013-ல் இன்ஃபோசிஸ் நிறுவனம் அமெரிக்க அரசுடன் 3.4 கோடி டாலர் கொடுத்து சமரசம் செய்துகொண்டது. குற்றச்சாட்டை நிறுவனம் ஏற்கவில்லை என்றாலும், விஷயம் எவ்வளவு பெரியது என்பதை அந்தத் தொகையே காட்டும்.

ஆகவே, ‘போய் இறங்கு, பிறகு பார்த்துக்கலாம்’ என்று சொன்னால், எந்த விசா என்பதை முதலில் கேட்டுவிடுவது நல்லது.

‘அங்க போயிட்டா அங்கேயே மாறிக்கலாம்’ - நடக்குமா?

பலரும் மனதில் வைத்திருக்கும் கணக்கு இது. ஆனால் நிறுவனத்துக்குள் இடமாற்றத்துக்காகத் தரப்படும் விசாக்கள் பெரும்பாலும் அந்த நிறுவனத்தோடு கட்டப்பட்டவை.

அமெரிக்காவின் எல்-1 விசாவில் போனவர் அதை வைத்துக்கொண்டு வேறு கம்பெனிக்குத் தாவ முடியாது. சிறப்பு அறிவு உள்ளவர்களுக்கான எல்-1பி-யில் அதிகபட்சம் 5 ஆண்டு. வேறு கம்பெனிக்குப் போக பொதுவாக எச்-1பி வேண்டும். அதற்குக் குலுக்கலில் பெயர் விழ வேண்டும். வெளிநாட்டில் இருந்து புதிதாக வருபவர்களின் எச்-1பி மனுக்களுக்கு 2025 செப்டம்பர் 21 முதல் 1 லட்சம் டாலர் கட்டணமும் அறிவிக்கப்பட்டது.

ஜெர்மனியில் நிறுவன இடமாற்றத்துக்கான ஐ.சி.டி அட்டை மேலாளர்களுக்கும் நிபுணர்களுக்கும் அதிகபட்சம் 3 ஆண்டு. அதே ஜெர்மனியில் அங்குள்ள நிறுவனமே நேரடியாக வேலைக்கு எடுத்து, புளூ கார்டு கிடைத்தால் கதை வேறு: ஜெர்மன் மொழியில் பி1 நிலை தேறியவர்கள் 21 மாதத்தில் நிரந்தரமாகத் தங்கும் அனுமதிக்கு விண்ணப்பிக்கலாம். ஊரும் வேலையும் ஒன்றே. காகிதம் வேறு, எதிர்காலமும் வேறு.

பி.எஃப், பணிக்கொடை: கண்ணுக்குத் தெரியாத பணம்

டெபுடேஷனில் போனால் இந்தியாவில் பி.எஃப் தொடரும். வெளிநாட்டிலும் சமூகப் பாதுகாப்புக்குப் பணம் பிடிப்பார்களா என்பது நாட்டைப் பொறுத்தது. ஜப்பான், ஜெர்மனி, பிரான்ஸ், தென்கொரியா உள்ளிட்ட நாடுகளுடன் இந்தியாவுக்கு சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தம் இருக்கிறது. ஜப்பானுடனான ஒப்பந்தம் 2016 அக்டோபர் 1 முதல் அமலில் உள்ளது. இந்திய நிறுவனம் அனுப்பும் ஊழியர், இ.பி.எஃப்.ஓ தரும் ‘கவரேஜ் சான்றிதழ்’ வைத்திருந்தால், பொதுவாக 5 ஆண்டு வரை அங்கே ஓய்வூதியப் பங்களிப்பு கட்டத் தேவையில்லை.

அமெரிக்காவுடன் அப்படி ஒப்பந்தம் இல்லை. அங்கே ஓய்வூதியம் பெற சுமார் 10 ஆண்டு பங்களிப்பு வேண்டும். மூன்று வருடத்தில் திரும்புபவர் கட்டிய பணம் பெரும்பாலும் போனது போனதுதான்.

அடுத்தது பணிக்கொடை. நிரந்தர ஊழியருக்கு 5 ஆண்டு தொடர் பணி முடிந்தால்தான் உரிமை. ஐந்தாம் ஆண்டில் 240 நாள் வேலை பார்த்திருந்தாலே தகுதி உண்டு என மேட்டூர் பியர்ட்செல் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆனாலும் இதற்காக ஊழியர் வாதாட வேண்டிவரலாம். 2025 நவம்பர் 21-ல் அமலுக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்பின்படி, குறிப்பிட்ட காலத்துக்கு ஒப்பந்தத்தில் எடுக்கப்பட்டவர்களுக்கு ஓராண்டு பணியே போதும்.

அடிப்படைச் சம்பளம் 20,000 ரூபாய் என்றால் 5 ஆண்டுக்குப் பணிக்கொடை சுமார் 57,700 ரூபாய். நாலேகால் வருடத்தில் பேப்பர் போட்டால் அந்தத் தொகை கிடையாது. சில மாதம் பொறுத்தால் கிடைக்கும். இது வேலை மாறுபவருக்கும் பொருந்தும்; ‘இங்கே ராஜினாமா, அங்கே புது ஒப்பந்தம்’ என்று வெளிநாடு போகிறவருக்கும் பொருந்தும்.

வேலை மாறும்போது பி.எஃப் பணத்தை எடுத்துச் செலவழிக்காமல் புதிய கணக்குக்கு மாற்றுவதும் முக்கியம். மொத்தப் பணி 5 ஆண்டு ஆவதற்குள் எடுத்தால் வரி உண்டு. ஓய்வூதியத்துக்குத் தேவையான 10 ஆண்டு கணக்கும் அறுந்துபோகும்.

பாண்டு போட்டால் கட்டிப்போட முடியுமா?

வெளிநாட்டுப் பயிற்சிக்கு அனுப்பும் நிறுவனங்கள், ‘திரும்பி வந்து இத்தனை வருடம் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் இத்தனை லட்சம் கட்ட வேண்டும்’ என்று எழுதி வாங்குவது உண்டு. இது செல்லுமா?

இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 27-வது பிரிவு, ஒருவர் தொழில் செய்வதைத் தடுக்கும் ஒப்பந்தம் செல்லாது என்கிறது. ஆனால் பணிக்காலத்துக்குள் விதிக்கப்படும் நிபந்தனையை நீதிமன்றங்கள் வேறாகப் பார்க்கின்றன. 1967-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த செஞ்சுரி ஸ்பின்னிங் வழக்கு இதற்கு முன்னோடி. டயர் கார்டு நூல் ஆலையில் ஷிப்ட் சூப்பர்வைசராக 5 ஆண்டு ஒப்பந்தத்தில் சேர்ந்த ஒருவர், பயிற்சி பெற்றபின் பாதியிலேயே போட்டி நிறுவனத்துக்குப் போனார். ஒப்பந்தக் காலம் முடியும்வரை அதே மாதிரி வேலையை வேறு இடத்தில் செய்யக்கூடாது என்ற தடை செல்லும் என்றது நீதிமன்றம்.

2025 மே மாதம் விஜயா வங்கி வழக்கிலும், 3 ஆண்டுக்குள் விலகினால் 2 லட்சம் ரூபாய் கட்ட வேண்டும் என்ற நிபந்தனையை உச்ச நீதிமன்றம் ஏற்றது. பொதுத்துறை நிறுவனம் மறுபடி ஆள் எடுக்க ஆகும் செலவை அது கணக்கில் எடுத்துக்கொண்டது.

சுருக்கமாக, பாண்டை வைத்து யாரையும் வலுக்கட்டாயமாக வேலை வாங்க முடியாது. ஆனால் நியாயமான தொகையைக் கேட்க முடியும். தொகை நிர்ணயமானதா, ஒவ்வொரு வருடமும் குறையுமா, கம்பெனியே வேலையை விட்டு அனுப்பினாலும் கட்ட வேண்டுமா என்ற மூன்றையும் எழுத்தில் கேட்பதே பாதுகாப்பு. ஒரிஜினல் சான்றிதழ்களைக் கையில் கொடுத்துவிட்டுப் போவதைத் தவிர்ப்பது நல்லது.

சரி, பணக் கணக்கு என்ன சொல்கிறது?

ஒரு எளிய உதாரணம். இப்போது மாதம் 40,000 ரூபாய் சம்பளம். வேறு கம்பெனி தருவது 52,000. மாதம் 12,000 கூடுதல். மூன்று வருடத்தில் 4.32 லட்சம். அதே மூன்று வருடம் வெளிநாடு போனால், வாடகை, சாப்பாடு, இரண்டு குடும்பச் செலவு எல்லாம் போக 10 லட்சம் கூடுதலாகச் சேர்கிறது என்று வைத்துக்கொள்வோம். வெளிநாடு 5.68 லட்சம் முன்னே நிற்கிறது.

ஆனால் திரும்பி வந்ததும் பழைய நாற்காலி, பழைய கிரேடு, அதே 40,000 என்றால்? வருடத்துக்கு 1.44 லட்சம் பின்தங்கல். நாலே வருடத்தில் அந்த முன்னிலை கரைந்துவிடும். வருடாந்திர இன்கிரிமென்ட் இரண்டு பக்கமும் ஒரே அளவு என்று வைத்துப் போட்ட கணக்கு இது. பதவி உயர்வோடு திரும்பினால் விடை தலைகீழாகும்.

ஆக, முடிவைத் தீர்மானிப்பது போகும்போது தரும் அலவன்ஸ் அல்ல. திரும்பும்போது தரப்போகும் பதவி.

வரியும் உண்டு. வேலைக்காக வெளிநாடு போகும் இந்தியர் அந்த நிதியாண்டில் 182 நாளுக்குக் குறைவாக இந்தியாவில் இருந்தால்தான் வெளிநாடு வாழ்பவராகக் கருதப்படுவார். செப்டம்பர் 20-ல் விமானம் ஏறுபவருக்கும் அக்டோபர் 20-ல் ஏறுபவருக்கும் அந்த ஆண்டின் வரிக் கணக்கே மாறிவிடும்.

குடும்பத்தோடு போவதென்றால் வாழ்க்கைத் துணையின் வேலையும் கணக்கில் வர வேண்டும். ஜப்பானில் சார்ந்திருப்போர் விசாவில் உள்ளவர், அனுமதி பெற்றால்கூட வாரம் 28 மணி நேரம்தான் வேலை பார்க்கலாம்.

வேலை மாறுவது மட்டும் பாதுகாப்பா?

அதுவும் இல்லை. இசுசு வாகனங்கள் முதலில் திருவள்ளூரில் உள்ள இந்துஸ்தான் மோட்டார்ஸ் ஆலையில்தான் ஒப்பந்த முறையில் தயாராகின. 2016-ல் ஸ்ரீசிட்டியில் சொந்த ஆலை திறந்ததும் உற்பத்தி எல்லை தாண்டிப் போய்விட்டது. புது கம்பெனியின் பெயரைப் பார்ப்பதோடு நிற்காமல், நிரந்தரப் பணியா, குறிப்பிட்ட கால ஒப்பந்தமா, கான்ட்ராக்டர் மூலமா என்பதைப் பார்க்க வேண்டும். சி.டி.சி என்று சொல்லும் தொகையில் கைக்கு வருவது எவ்வளவு, ஷிப்டுக்கு பஸ் வருமா, நோட்டீஸ் காலம் எத்தனை மாதம் என்பதும் கடிதத்தில் இருக்க வேண்டும்.

விலகிய பிறகு சேர வேண்டிய சம்பளப் பாக்கியை இரண்டு வேலை நாளில் தர வேண்டும் என்கிறது புதிய ஊதியச் சட்டத் தொகுப்பு. இது தெரியாமல் மாதக்கணக்கில் காத்திருப்பவர்கள் நிறைய.

யாருக்கு எது பொருந்தும்?

திரும்பியதும் எந்தப் பதவி, எந்தச் சம்பளம் என்று எழுத்தில் தரும் நிறுவனம், சரியான விசா, இந்தியாவில் தொடரும் பி.எஃப், நியாயமான பாண்டு. இந்த நான்கும் இருந்தால் ஆன்சைட் நல்ல முதலீடு. அங்கே கற்கும் தொழில்நுட்பம் அடுத்த பத்து வருடத்துக்குச் சோறு போடும்.

‘போயிட்டு வா, பார்த்துப் பண்றோம்’ என்பது மட்டுமே பதில் என்றால், பக்கத்து சிப்காட்டின் ஆஃபர் சின்னதாகத் தெரிந்தாலும் கனமானது. எட்டாத பலாக்காயைவிட எட்டும் களாக்காய் மேல் என்று பெரியவர்கள் சொன்னது இதற்கும் பொருந்தும்.

ஆஃபர் லெட்டர் கையில் இருக்கும்போதுதான் ஊழியரின் பேச்சுக்கு எடை அதிகம். ‘திரும்பி வந்தா எனக்கு என்ன?’ என்று எச்.ஆரிடம் கேட்க வேண்டிய நேரமும் அதுதான். விமானம் ஏறிய பிறகு அந்தக் கேள்விக்கு அவ்வளவு பலம் இருக்காது.